சுண்ணாம்பில் கட்டிய வார்டு

அன்று மத்தியானம் அங்கே இருந்தவர்களைச் சொல்கிறேன். டாக்டரம்மா, மாடி ஜன்னலில். கடலை மேரி, தள்ளுவண்டியோடு. ஆட்டோ சேகர், ஆட்டோவுக்குள் படுத்தபடி. சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் ஆறு பேர். புங்க மரத்தடியில் ஒரு நாய். நான்.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மனுஷர் தனி ஆளாக ஒரு பிரசவ வார்டு கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. சுண்ணாம்புத் தூள்தான்.

பெங்களூரில் அவரைப் போல் கோடு போட அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை. மந்திரி வருகிறார் என்றால் முந்தின நாள் கார்ப்பரேஷன்காரர்கள் ரோட்டோரம் வெள்ளைக்கோடு போடுவார்களே, அந்த வேலை அவருடையது. கயிறு பிடிக்க மாட்டார். குச்சி நட மாட்டார். அடியில் ஓட்டை போட்ட டால்டா டின்னை ஆட்டிக்கொண்டே நடப்பார். கோடு நேராக விழும். கண்ணை மூடிக்கொண்டு மெஜஸ்டிக்கிலிருந்து ஸ்ரீராம்புரம் வரை போட்டுவிடுவார் என்று எங்கள் சந்தில் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. நம்பினேன்.

அவர் பேர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் வெள்ளைக்கோடு. அவர் சம்சாரமே "எங்க வெள்ளக்கோடு எங்கனா வந்துச்சா?" என்றுதான் தெருவில் தேடும்.

அவர் வீடு என் வீட்டுக்கு எதிர் வீடு. ஒரே அறை. பத்துக்குப் பத்து. அதில் அவர் மூன்று அறை வைத்திருந்தார். ஹால், சமையல் அறை, படுக்கை அறை. சுவரெல்லாம் தரையில் போட்ட கோடுதான். விருந்தாளி வந்தால் ஹாலில் உட்கார வைப்பார். தெரியாமல் காலை நீட்டினால், "சமையல் ரூம்ல கால் வைக்காதீங்க" என்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் சம்சாரம் எழுந்து படுக்கை அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கை எட்டுகிற தூரம்தான். இவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஒரு தடவை சண்டை இரண்டு நாள் ஓடியது. போய்ப் பேசிப் பார்க்கக் கூடாதா என்று நான் கேட்டேன்.

"எப்பிடி தங்கச்சி பேசறது? கதவ சாத்தினு கீறாளே" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் எதையும் சிரித்துச் சொன்னதில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டே சொல்வார். மற்றவர்களுக்குத் தெரியாத கட்டடம் ஏதோ அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும்.

நான் வேலை பார்த்தது எங்கள் பக்கத்துக் கார்ப்பரேஷன் பிரசவ ஆஸ்பத்திரியில். ஆயா. கட்டில் பத்து. வருகிறவர்கள் இருபது, இருபத்தைந்து. ஒரு கட்டிலில் இரண்டு பேர், தலைக்குக் கால் வைத்து. மீதிப் பேர் வராந்தாவில். "கொஞ்சம் தள்ளிப் படும்மா." வேலையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கார்ப்பரேஷன் காலியிடம் ஒன்று கிடந்தது. அங்கே ஒரு வார்டு கட்டிக்கொடுங்கள் என்று டாக்டரம்மா வருஷா வருஷம் எழுதும். இந்த ஊரில் மேயர் வருஷத்துக்கு ஒருத்தர். எழுதினதைப் படிக்கிறதுக்குள் மேயர் மாறிவிடுவார். புது மேயருக்குப் புதுசாக எழுத வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்ததே அதில்தான். கடைசியில் அந்த இடத்தில் கடைகள் வைத்த காம்ப்ளெக்ஸ் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. வந்துவிட்டால் வார்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்கோட்டின் மகள் பிரசவத்துக்கு வந்தது. இடம் கிடைத்தது வராந்தாவில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். நல்லபடியாகப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. அவர் வந்து பார்த்தார். மகளைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கோடியில் வைத்தார். 

மறுநாள் மத்தியானம் தோளில் சுண்ணாம்பு மூட்டையோடு காலியிடத்துக்கு வந்தார். டின்னை ஆட்ட ஆரம்பித்தார். நான் துணி காயப்போட வந்தவள், அப்படியே நின்றேன்.

"இன்னாண்ணே இது?"

"வார்டு."

"யாரு போடச் சொன்னாங்க?"

"நீ நிக்கறது டெலிவரி ரூம். செருப்ப கழட்டு."

கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியாது.

நீளச் சுவர் போட்டார், குறுக்குச் சுவர் போட்டார், வாசலுக்கு இடம் விட்டார். கட்டில் கட்டிலாகக் கட்டம் போட்டார். கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஆள் நடக்க வழி விட்டார். ஒரு மூலையில் மட்டும் தகராறு. சுவர் போக வேண்டிய இடத்தில் கடலை மேரியின் வண்டி. நகரச் சொன்னார்.

"இருவது வருஷமா இங்கதான் நிக்கிறேன். உன் சொவருக்கு வேணும்னா சுத்திக்கினு போவட்டும்" என்றாள் மேரி.

டின்னைத் திருப்பினார். சுவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

எல்லோரும் சிரித்தார்கள். மழை வந்தது, அழிந்தது. மறுநாள் வந்து மறுபடி போட்டார். சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் தினமும் வருவார். வாசல் வழியாகத்தான் உள்ளே போவார், வாசல் வழியாகத்தான் வெளியே வருவார். ஒரு நாள் சேகர் ஆட்டோவைக் குறுக்கே விட்டுவிட்டான். வெள்ளைக்கோடு அவனை நிறுத்தி, "ஏம்பா, பொம்பளைங்க படுத்துனு கீற எடத்துல ஆட்டோ ஓட்டினு போறியே, நீ இன்னா வானத்துலருந்தா குதிச்ச?" என்று கேட்டார். அங்கே யாருமே படுத்திருக்கவில்லை. சேகர் ரிவர்ஸ் எடுத்தான். அடுத்த நாளிலிருந்து சுற்றிக்கொண்டு போனான். அவன் போனதைப் பார்த்து மற்ற ஆட்டோக்களும் போயின. சீட்டாடுகிறவர்கள் சுவருக்கு வெளியே நகர்ந்தார்கள். ஒருத்தன் பீடியைப் பற்றவைத்துவிட்டு, உள்ளே பார்த்து, அணைத்தான். மாடுகள் மட்டும் மதிக்கவில்லை.

அப்புறம் நடந்தது எனக்கு இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. மாசி மாதம். வராந்தாவில் புழுக்கம். ஒரு பெண் பாயைத் தூக்கிக்கொண்டு போய்க் காலியிடத்துப் புங்க மரத்தடியில் ஒரு கட்டத்துக்குள் விரித்துப் படுத்தாள். இன்னொருத்தி போனாள். ஆளுக்கொரு கட்டில். யாரும் கோட்டைத் தாண்டவில்லை. புங்கம்பூ அவர்கள் மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. வயிற்றின் மேல் கை வைத்து அத்தனை பேரும் தூங்கினார்கள். நான் அவர்களுக்கு நடுவில் வழியில் நடந்தேன். மெதுவாக நடந்தேன், சத்தம் கேட்டுவிடும் என்று. மண் தரையில் என்ன சத்தம் கேட்கப்போகிறது.

அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில்தான் எங்கள் ஏரியா கவுன்சிலர், இங்கே கார்ப்பரேட்டர் என்பார்கள், வந்தார். காம்ப்ளெக்ஸுக்கு இடம் பார்க்க. கூட நாலு வெள்ளைச் சட்டைகள். நேரே குறுக்கே வந்தார்.

"சார், அது சொவரு" என்றேன்.

தூக்கிய காலை அவர் கீழே வைக்கவில்லை. கீழே பார்த்தார். படுத்திருந்தவர்களைப் பார்த்தார். அந்தக் காலைப் பின்னால் வைத்தார்.

"வாசல் எங்க?"

காட்டினேன். சுற்றிக்கொண்டு போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வெள்ளைச் சட்டைகளும் கழற்றினார்கள். உள்ளே வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு கட்டிலைச் சரி செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு. கார்ப்பரேட்டர் குரலை இறக்கிக் கேட்டார்.

"இத்த யாருப்பா சாங்ஷன் பண்ணது?"

வெள்ளைக்கோடு நிமிர்ந்தார். "நீங்கதான் சார்."

அதற்குள் ஒரு பெண் விழித்துக்கொண்டது. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டது. அதைப் பார்த்து அடுத்த பெண். வரிசையாகக் கும்பிட்டார்கள். கார்ப்பரேட்டரும் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவரால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? வேகமாக வெளியே வந்தார். வாசல் வழியாகத்தான்.

கார்ப்பரேஷனில் ஒரு முறை உண்டு. முதலில் ஃபைல். அப்புறம் பணம் ஒதுக்குவது. அப்புறம் டெண்டர். எல்லாம் முடிந்த பிறகுதான் தரையில் கோடு போடுகிற மார்க்கிங். ஆகவே மார்க்கிங் ஆகிவிட்டது என்றால் முன்னால் உள்ளதெல்லாம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் ஃபைல் எங்கே என்று கார்ப்பரேட்டர் போய்க் கேட்டாராம். தேடினார்களாம். பீரோவுக்குப் பின்னால் தேடினார்கள். ரிட்டையர் ஆனவர்கள் வீட்டுக்கு ஆள் விட்டார்கள். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. தொலைத்தவன் தான்தானோ என்று ஒவ்வொருத்தருக்கும் பயம். கடைசியில் டாக்டரம்மா எழுதின பழைய கடிதங்களைத் தேடி எடுத்தார்கள். மேயருக்கு ஒன்று வீதம் ஒரு கட்டு இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தார்கள். ஃபைல் தலையணை உயரம் வந்தது. அவ்வளவு தடியான ஃபைலைத் தள்ளிவைக்க யாருக்கும் கை வரவில்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்தது, டேப்போடு ஒரு எஞ்சினியர் வந்தார் என்பதுதான். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது வெள்ளைக்கோடு.  உண்மை தெரிந்தால் அவர் வேலை போய்விடும். வார்டும் போய்விடும்.

யார் போட்ட மார்க்கிங் என்று எஞ்சினியர் கேட்டார். "நம்ம டிபார்ட்மெண்ட்தான் சார்" என்றார் வெள்ளைக்கோடு. பொய் இல்லை. எஞ்சினியர் கோட்டின் மேலேயே அளந்துகொண்டு போனார். மேரியின் மூலை வந்தது. நின்றார்.

"இங்க ஏன் வளைஞ்சிருக்கு?"

 வெள்ளைக்கோடு அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது டெக்னிக்கல் சார்."

எஞ்சினியர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். மேரி அவருக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்தாள். அந்தச் சுவர் இன்றைக்கும் அங்கே வளைந்துதான் போகிறது. கேட்டால் வாஸ்து என்கிறார்கள்.

அந்த வருஷ பட்ஜெட்டில் வார்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். கார்ப்பரேட்டரே வந்து சொன்னார். டாக்டரம்மா மாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே இருந்தது.  வெள்ளைக்கோடு அன்று சாயங்காலம் கோட்டை இரண்டு தரம் போட்டார்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. பணம் ஒதுக்கியது ஒரு மேயர், கல் நட்டது ஒரு மேயர், ரிப்பன் வெட்டியது மூன்றாவது மேயர். சுவர் எழும்ப எழும்ப வெள்ளைக்கோடு வருவது குறைந்தது. நல்லாத்தானே வருகிறது என்று கேட்டேன். "கோட்ல காத்து வந்துச்சி தங்கச்சி" என்றார்.

திறப்பு விழா முடிந்து எல்லோரும் போன பிறகு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே பதினெட்டு கட்டில், ஒரு கட்டிலுக்கு ஒருத்தி. வாசலில் நான். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடக் கூடாது என்பது ரூல். டாக்டரம்மா அன்று காலையில்தான் என்னிடம் கண்டித்துச் சொல்லியிருந்தது. அத்தனை நாள் உள்ளே நடந்த மனுஷர் வாசற்படியில் கால் வைத்தார்.

"அண்ணே, ஆம்பளைங்க வரக் கூடாதுண்ணே."

காலை எடுத்துக்கொண்டார். கோபம் இல்லை. கதவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ஆமா. இப்ப சொவரு வந்துட்ச்சில்ல" என்றார். போனார்.



மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தார். படிக்குக் கீழே நின்றார்.

"எத்தினி?"

முந்தின நாள் ஏழு மணியிலிருந்து பிறந்த குழந்தைகளைக் கேட்கிறார். சொன்னேன். தலையாட்டினார், போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கப்புறம் ஒரு நாள் விடவில்லை. மழை, பந்த், எதற்கும் நிற்கவில்லை. நானும் லீவு எடுப்பதை விட்டேன். ஆணா பெண்ணா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணிக்கை மட்டும்தான். ஒரு நாள், "இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அவர் போகவில்லை. வெயிலில் அப்படியே நின்றார். பத்தரை மணிக்கு ஒன்று பிறந்தது. வந்து சொன்னேன். போனார்.

ஆறு வருஷம் இப்படி. ஒரு காலையில் வரவில்லை. நான் எட்டு மணி வரை படியில் நின்றேன். சேகர்தான் ஆட்டோவில் வந்து சொன்னான். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். சந்து முழுக்கக் கூட்டம். எடுக்கிற நேரம். நான் குனிந்ததும், அழ வந்தவள் என்று விலகி இடம் விட்டார்கள். நான் அழவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்.

ஒன்பது.