வானிலை சாரின் ஒரே ஒரு ‘ஜாஸ்தி’

ஆம்பூரில் மழை எப்போது வரும் என்று சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருந்தார்கள். வெளிநாட்டு நன்கொடை எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தொண்டு நிறுவனத்தின் கணக்காளர். எல்லோருக்கும் அவர் வானிலை சார். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகளை அழைத்துவந்து, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவது எங்கள் வேலை. தோல் மண்டி மாடியில் ஒரே வகுப்பு, ஒரே டீச்சர். அந்த டீச்சர் நான்தான். அடுத்த வருஷம் எவ்வளவு பணம் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது சாரின் பொறுப்பு. அவர் கணிப்பு எப்போதும் ஒன்றுதான்: கம்மி.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே டிரான்சிஸ்டரில் உலகச் செய்தியைப் போட்டுவிடுவார். எங்கோ வெள்ளம் என்றால் அவருக்கு இங்கே சோறு இறங்காது.

“டீச்சரம்மா, அங்க ஆத்துல தண்ணி ஏறுதாம். நம்ம பணம் அங்கதான் போவும். நாளைலேர்ந்து சாக்பீஸ ரெண்டா ஒடைச்சி எழுதுங்க.”

உலக சமாதானத்துக்காக அவர் அளவுக்கு ஏங்கியவர் வேலூர் மாவட்டத்தில் யாரும் கிடையாது.

பார்வையிட வரும் வெள்ளைக்காரர்களிடமும் சகுனம் பார்ப்பார். “பிள்ளைங்கள பாத்து அழுதா ஒரு வருஷம்தான் குடுப்பாங்க. கக்கூஸ் எப்பிடி கீதுன்னு பாத்தாங்கன்னா மூணு வருஷம்.” ஒருமுறை வந்த துரை எங்களுக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. மதியம் பிரியாணியோடு வைத்த கத்திரிக்காயை மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டார். மிச்சப் பொழுதெல்லாம் எங்கள் கக்கூஸில்தான் கழிந்தது. நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். சார் மட்டும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நிம்மதியாக வந்தார்.

“நல்லா பாத்துட்டாரு. மூணு வருஷம் வரும். ஆனா கம்மி.”

அப்படியே வந்தது.

அந்த மூன்று வருஷம் முடிகிற சமயத்தில்தான் சுனாமி வந்தது. பணமெல்லாம் கடலோரத்துக்குப் போவதுதான் நியாயம், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் எங்கள் வகுப்பு? எனக்குச் சென்னையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. நான் போய்விட்டால் ஜூனில் வகுப்பைத் திறக்க ஆள் இல்லை. பிள்ளைகள் மறுபடியும் தோல் ஊறும் தொட்டிகளுக்குத்தான் போவார்கள். சாரிடம் கேட்டேன்.

“அடுத்த வருஷம் எப்பிடி சார்?”

டிரான்சிஸ்டரை அணைத்தார். “ஜாஸ்தி.”

“இன்னா சார் சொல்றீங்க?”

“ஜாஸ்தின்றேன் இல்ல? சாக்பீஸ முழுசாவே வெச்சி எழுதுங்க.”

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் நம்பாமல் என்ன செய்வது? சென்னை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம்தான் குட்டு வெளிப்பட்டது. அடுத்த வருஷம் உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று வெளிநாட்டிலிருந்து எப்போதோ தகவல் வந்திருக்கிறது. நான் கேட்டபோதே அது சாருக்குத் தெரியும்.

உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் கோபத்தோடு அவரைத் தேடிக் கீழே இறங்கினேன். யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் குடிக்காத மனுஷன், கீழே தோல் மண்டி நடத்தும் பாய் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், டீச்சர் சம்பளத்துல பாதி மாசாமாசம் உங்க மண்டிலேர்ந்து வரும்னு கணிச்சிட்டேன்.”

“நான் எப்ப சார் குடுக்கறேன்னு சொன்னேன்?”

“நீங்க சொல்லல, நான் சொல்லிட்டேன். இத்தினி வருஷத்துல என் கணிப்பு தப்புனதே இல்ல. என் பேர கெடுத்துடாதீங்க.”

பாய் சிரித்துவிட்டார். “பெரிய பேஜாரா கீதே உங்களோட!” என்றபடி கல்லாவைத் திறந்தார்.

மண்டிப் படியிறங்கிய சாரை மடக்கினேன். “ஏன் சார் என்கிட்ட பொய் சொன்னீங்க?”

“பொய்யா? கணிப்பு டீச்சரம்மா. கொஞ்சம் லேட்டா பலிக்கும்.”

பிரியாணிக் கடை, ஷூ கம்பெனி வாசல் என்று பஜார் முழுக்கக் கணித்துக்கொண்டே போனார். சில இடங்களில் திட்டும் வாங்கினார். ஜூனில் வகுப்பு திறந்தது, ஒரு பிள்ளையும் தொட்டிக்குத் திரும்பவில்லை. முதல் மாதச் சம்பளக் கவரை இழவு வீட்டு முகத்தோடு நீட்டினார்.

“கணிச்சதுக்கு மேல வந்துட்ச்சி. இப்பிடி தப்புனா என்னை எவன் நம்புவான்?”

அன்று போடக் கிளம்பிய சண்டையை நான் இன்றுவரை போடவில்லை. இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லை. போன வாரம் உடம்பை விசாரிக்கப் போன் செய்து, அடுத்த வருஷம் எப்பிடி சார் என்று கேட்டேன்.

“கம்மி டீச்சரம்மா.”

“இல்ல சார். ஜாஸ்தின்னு நான் கணிச்சிட்டேன். என் பேர கெடுத்துடாதீங்க.”