பெலே, மரடோனா, மூன்றாம் ஓலை

கிழக்குத் தாம்பரம்,
12-8-1986, செவ்வாய்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மச்சான் அசரியா அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் தங்கை ரத்தினபாயின் புருஷன் வேதசிரோமணி ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் நான் சுகம். என் மகள் ஜெயசீலியும் சுகம். என்னோடு பேசாமல் சுகமாயிருக்கிறாள். படப்பையில் உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? வடியாததால்தானே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலுக்கு வரவில்லை. வந்திருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருப்பீர்கள். ஆகையால் நடந்த காரியத்தில் உங்கள் முழங்காலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஜெயசீலிக்கு நிச்சயமான குரோம்பேட்டை மாப்பிள்ளையிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பையன் தங்கம். பையனுடைய தகப்பனார் ஞானஜோதிதான் பிரச்சினை. ரிட்டையரான டிரில் மாஸ்டர். நிச்சயதார்த்தத்தன்று ஜெபம் முடிந்து, மோதிரம் மாற்றி, எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்த நேரத்தில், யாரும் கேட்காமலே, “இதுவரைக்கும் பொறந்த ஃபுட்பால் பிளேயர்லயே மரடோனாதான் சார் நம்பர் ஒன்” என்றார். உலகக் கோப்பை முடிந்த சூடு, சொல்லட்டும் என்று நானும் பொறுமையாக, “சம்பந்தி, பெலேன்னு ஒருத்தர் இருந்தாரே” என்றேன். “இருந்தாரு, யாரு இல்லேன்னா? அவர் காலத்துல கோலுக்கு முன்னாடி காத்தாடுச்சு சார். இப்போ ஒரு ஆளுக்கு நாலு பேர் காவல்” என்றார். பதினேழு வயதில் உலகக் கோப்பை, மொத்தம் மூன்று கோப்பை, உங்கள் ஆள் இப்போதுதான் ஒன்று என்றேன். “நீங்க பேப்பர்ல படிச்சதைச் சொல்றீங்க” என்றார். விடுவேனா? எழுபத்தேழில் ரயில்வே பாஸ் போட்டு ஹவுரா வரை போய், கல்கத்தாவில் பெலே ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான் என்று சொன்னேன். பந்தி அடங்கிவிட்டது. ஞானஜோதி மட்டும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, “அன்னிக்கு அவர் எத்தனை கோல் போட்டாரு?” என்று கேட்டார். மச்சான், அன்று அவர் கோல் போடவில்லை. மழையில் தரை சேறாகிக் கிடந்தது. அதைச் சொன்னேன். “அப்போ சேறுதான் பெலேயைவிடப் பெரிய பிளேயர்” என்றார். பந்தி முழுக்கச் சிரிப்பு. அதற்குமேல் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

ஆத்திரத்தில் நான், இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் போட்ட கோலைப் பற்றிக் கேட்டேன். “ரெஃப்ரி ஊதலேன்னா கோல்தான் சார்” என்று பதில். வேதத்திலுள்ள பத்துக் கற்பனைகளையும் மூச்சு விடாமல் சொல்கிற மனுஷர் இதைச் சொன்னார். நம் கோயில் குருவானவர் ஐயரை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டேன். அவர் இரண்டு பேரையும் கையமர்த்தி, ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “ரெண்டு பேருமே இல்ல. புஷ்காஷ்” என்றார். ஹங்கேரிக்காரராம். இறுதியாட்டத்தில் தோற்றும் பெரியவராக நின்றவராம். சண்டை பிடித்த இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அவர் பாயசம் குடிக்கப் போய்விட்டார்.

கல்யாண ஓலை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கப்படும், தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்கிற முறை நீங்கள் அறிந்ததே. முதல் ஓலை சமாதானமாய் முடிந்தது. இரண்டாம் ஓலையன்று, மரியாதைக்காக நம் கோயிலுக்கு வந்திருந்த ஞானஜோதி, ஆராதனை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, பெலேவைப் புகழ்கிறவர்கள் எல்லாம் பென்ஷன்காரர்கள் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அவரும் பென்ஷன் வாங்குகிறவர்தான். ஒரு வாரம் அதை மனதில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஓலை வாசித்து ஐயர் வழக்கப்படி, தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நான் எழுந்தது எனக்கே எழுந்த பிறகுதான் தெரிந்தது. பாட்டுக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் சொல்ல வேண்டும் என்றார் ஐயர். “கையால போட்ட கோலை நியாயம்னு சொல்ற வீட்டுல என் பொண்ணை எப்படிக் குடுக்கிறது?” என்றேன்.

அறைக்குள் கூப்பிட்டு ஐயர் சொன்னது: “சிரிச்சுட்டு விடலாம்னா ஓலைக்கு என்ன மரியாதை? தடை சொன்ன நீங்களே வாபஸ் வாங்கற வரைக்கும் இருபத்தஞ்சாம் தேதி கல்யாணம் நடக்காது.” வெளியே வந்தால் மணியடிக்கிற அப்பாதுரை, “இன்னா சார் இது? வேற எவனாச்சும் எழுந்து நிப்பானோன்னு நான் பயந்துகினு கீறேன், பொண்ணோட அப்பனே எழுந்து நிக்கிறியே! ஒரே பேஜாரா கீது சார்” என்றான். ஜெயசீலி எனக்காகக் காத்திருக்காமல் கேம்ப் ரோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கடைசியாகப் பேசியது இதுதான்: “எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது அப்பா. ஒருத்தர் சத்தமாச் சிரிக்கிறார்னு வேணாம்னீங்க. இன்னொருத்தர் இடது கையால எழுதுறார்னு வேணாம்னீங்க. இவர்கிட்ட ஒண்ணும் கிடைக்கலேன்னு பந்தைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?” எவ்வளவு அநியாயமான குற்றச்சாட்டு என்று நீங்களே பாருங்கள். அன்றிலிருந்து சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்த ஸ்கூலுக்குப் போகிறாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. அதுவே எனக்குப் பயமாயிருக்கிறது.

ஆகையால் தாய்மாமன் என்கிற முறையில் நீங்கள் குரோம்பேட்டைக்குப் போய் ஞானஜோதியைக் காணவேண்டும். நான் பிடிவாதக்காரன் இல்லை. எழுபது வரைக்கும் பெலே, எண்பத்தாறுக்குப் பிறகு மரடோனா, நடுவில் உள்ள வருஷங்களை ஐயர் விருப்பப்படி யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும். கை கோலைப் பற்றி மட்டும் வருத்தம் தெரிவிக்கவேண்டும். இதற்குக் குறைந்து நான் இறங்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் முழங்காலையும் வீட்டார் அனைவரையும் கர்த்தர் தமது கரத்துக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் நிற்கும் உங்கள் மச்சான்,
வே. வேதசிரோமணி

பின்குறிப்பு: புதன் காலை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஞானஜோதியே குடையோடு வந்து நின்றார். உட்காரக்கூட இல்லை. “பையன் மூணு நாளாச் சரியாச் சாப்பிடல சார். பெலேதான் பெரியவர். கை கோல் தப்புதான். கோயில்ல மைக்குல வேணும்னாலும் சொல்றேன்” என்றார். நான் ஜெயித்துவிட்டேன் மச்சான். ஆனால் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அவசரப்படாதீங்க சம்பந்தி. அந்த ரெண்டாவது கோலை மறந்துட்டீங்களா? நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கத்துலேருந்து அத்தனை பேரையும் தாண்டிப் போனாரே! பெலேவே வந்தாலும் அது முடியுமா?” என்று ஆரம்பித்துவிட்டேன். மரடோனாவுக்காக நான் வாதாட வாதாட, ஞானஜோதி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். காபி கொண்டுவந்த ஜெயசீலி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “அப்பா, நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டாள்.

ஆமாம் மச்சான், பிடிக்கவில்லை. உங்கள் தங்கை போன பிறகு இந்த வீட்டில் சாயந்திரம் ‘வந்துட்டேம்பா’ என்று ஒரு குரல் கேட்கும், அவ்வளவுதான் எனக்கு உள்ளது. அதை ஒரு தடை என்று கோயிலில் எழுந்து நின்று எந்தத் தகப்பன் சொல்வான்? பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன், ஞானஜோதி காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்று குடித்தார். நல்ல மனுஷர்.

தடையை வாபஸ் வாங்கிவிட்டேன். நீங்கள் குரோம்பேட்டைக்குப் போகவேண்டாம். இருபத்தைந்தாம் தேதிக்கு நேராக இங்கே வாருங்கள். மற்றவர்கள் எல்லோரும் அன்றைக்கே ஊருக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மறுநாள் சாயந்திரமும் என்னோடு இருங்கள்.