மாடி ஏறிப் பார்த்த நான்கு மாநகரங்கள்

பல அயல்நகரங்களுக்கு நீண்ட பயணம் போக நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், வீட்டை விட்டுக் கிளம்பாமல் இருப்பது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் அயல்நகரப் பயண ஆயத்த அலுவலகத்தின் வாசல் பலகை சொல்கிறது: "ஆயத்தமின்றிப் புறப்படுவோர் அல்லற்படுவர். புறப்படாதோர்க்கு யாதொரு இடரும் இல்லை."

நான் வாயைத் திறந்தால் பொய் என்று என் வீட்டிலேயே ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இந்தக் கதையில் நான் சேர்த்தது உப்பு மட்டும்தான். சோறு முழுக்க அரசாங்கத்துடையது.

அந்தச் சமயம் எங்கள் ஊருக்குப் பயணப் பைத்தியம் பிடித்திருந்தது. சக்கரம் வைத்த பெட்டி இல்லாதவனை யாரும் மனுஷனாக மதிக்கவில்லை. கத்திரிக்காய் வாங்கப் போகிறவர்கள்கூடப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். விமானத்தில் தூங்குவதற்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் லாடத் தலையணையோடு முடி வெட்டிக்கொள்ளப் போன ஒருவரை எனக்குத் தெரியும். கழற்றச் சொன்னால் மறுத்துவிட்டார். முடிவெட்டுகிறவரும் தலையணையைச் சுற்றியே வெட்டிவிட்டார். இன்றைக்கும் அவரைப் பின்னாலிருந்து பார்த்தால் குதிரை ஞாபகம்தான் வருகிறது.

இந்த நேரத்தில்தான் என் தங்கைக்கு உண்மையாகவே ஒரு பயணம் போக வேண்டியிருந்தது. அவளுடைய ஒரே மகள் கடல் தாண்டி ஒரு தூர நகரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். வலி வரும்போது பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். தங்கைக்கு இருந்தது இந்த ஒரே ஆசை.

அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, குடிநீர்த் துறையில் குழாய் ஆய்வாளர். குழாயில் தண்ணீர் வராததை நேரில் போய்ப் பார்த்து, வரவில்லை என்று உறுதிசெய்வது அவர் வேலை. அவருக்கோ ஊரைப் பிடித்த பைத்தியம் இரட்டையாகப் பிடித்திருந்தது.

"அவ்வளவு தூரம் போறோம், போற வழியில மூணு நகரத்தைப் பார்த்துட்டுப் போனா என்ன?" என்றார்.

"வழி எங்கங்க இருக்கு? அது ஆகாசம்" என்றாள் தங்கை.

"அதுக்குத்தான் சொல்றேன். ஆகாசத்துல எங்க வேணாலும் இறங்கலாம்."

அரசு ஊழியர் குடும்பத்தோடு வெளிநாடு போவதானால் ஆயத்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். போனோம். நானும் போனேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று தங்கை சொல்வாள். உண்மை. ஆனால் அதை அவள் சொல்ல வேண்டியதில்லை.

ஆயத்த அதிகாரி பெரிய மனிதர். நாற்காலிக்கு வெளியிலும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னால நாலு நகரம் சேர்ந்தாப்ல போயிருக்கீங்களா?"

"இல்லைங்க. இப்பத்தான் போகப்போறோம்" என்றாள் தங்கை.

"போகாதவங்களைப் போக விட முடியாதேம்மா. முன் அனுபவம் இல்லாம போய் ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"போனாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அப்படித்தான் அந்தக் காலத்துல நினைச்சாங்க. பாவம், நிறையப் பேர் போயிட்டாங்க." அதிகாரி ஒரு நிமிஷம் போனவர்களுக்காக வருந்தினார். "இப்ப அந்தக் குறை இல்லை. நம்ம கட்டடத்துலயே முழு ஒத்திகை ஏற்பாடு பண்ணியிருக்கோம். நாலு மாடி, நாலு நகரம். ஏறி முடிச்சா அனுபவம்."

மாப்பிள்ளை பரவசமாகிவிட்டார். "மச்சான், பெட்டியைத் தூக்குங்க!"

சாமான் தூக்குபவர் ஒருவர் அவசியம் என்று விதி இருந்ததால் எனக்கும் பயணத்தில் இடம் கிடைத்தது.

படிக்கட்டுதான் விமானம். ஆளுக்கொரு படியில், முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி உட்கார வைத்தார்கள். கோப்பு கட்டுகிற சிவப்பு நாடாவை இடுப்பில் கட்டிவிட்டார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அசல் விமானமும் அப்படித்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார். பிறகு ஒரு எழுத்தர் தட்டோடு வந்தார்.

"கோழியா, காய்கறியா?"

"காய்கறி."

"தீர்ந்துபோச்சு."

"அப்ப கோழி குடுங்க."

"அது இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு, மிகுந்த மரியாதையோடு அடுத்த படிக்குப் போனார்.

முதல் மாடி கலைநகரம். பழைய கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்த அறை அது. அருங்காட்சியகம் என்றார்கள். எதையும் தொடக் கூடாது என்றார்கள். அந்த அலுவலகத்தில் யாரும் அவற்றைத் தொட்டதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மாப்பிள்ளை தூசிக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "ஒரு நகரத்துக்கு அரை நாள் போதும்" என்று அதிகாரி நுட்பம் சொல்லிக்கொடுத்தார். "பாக்குறதுக்கு இல்லை. பாத்தோம்னு சொல்றதுக்கு."

இரண்டாம் மாடி குளிர்நகரம். மேலதிகாரியின் குளிர்சாதன அறை. அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் கதவிடுக்கில் ஆளுக்கொரு விரலை நீட்டிக் குளிரை அனுபவித்துவிட்டு மேலே ஏறினோம்.

மூன்றாம் மாடி கோபுரநகரம். அறையில் ஒன்றும் இல்லை, ஒரு ஜன்னல் மட்டும். "வெளியே பாருங்க. உலகமே தேடி வந்து பாக்குற கோபுரம்" என்றார் அதிகாரி.

பார்த்தோம். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி.

"ஆகா! என்ன உயரம்! என்ன கம்பீரம்!" என்று மாப்பிள்ளை கண்கலங்கினார்.

"ஏங்க, அது உங்க தொட்டிங்க" என்றாள் தங்கை. "மாசா மாசம் மேலே ஏறிட்டு வந்து முட்டி வலிக்குதுன்னு புலம்புவீங்களே. ஒழுகுதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"உஷ்! அது நம்ம ஊர்ல இருந்து பாக்கும்போது. இங்கிருந்து பாரு, ஒழுகுறதுலகூட ஒரு நளினம் இருக்கு."

எனக்கும் இருந்த மாதிரித்தான் பட்டது. பொய் சொல்வானேன், நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் மாடிக்கு ஏறும்போது தங்கையின் நடை மாறிவிட்டது. கையில் மகளுக்காகச் செய்து வைத்திருந்த தின்பண்ட டப்பா. இது மகள் இருக்கும் நகரம் அல்லவா? ஒத்திகை என்றாலும் பெற்ற மனம் எந்த மாடியைக் கண்டது!

கதவைத் திறந்தால், நாற்காலியில் அலுவலக உதவியாளர் ஒருவர், முறுக்கு மீசையோடு, வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. பயணமெல்லாம் சௌகரியமா?" என்றார் கட்டைக்குரலில்.

"இது யாரு?"

"உங்க மகள்" என்றார் அதிகாரி. "பெண் ஊழியர் பணியிடம் காலியா இருக்கு. மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். அதுவரைக்கும் இவர் பொறுப்பு மகள்."

பொறுப்பு மகள் டப்பாவைப் பொறுப்பாக வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார். மசக்கைக்கு இதமாக இருக்கிறது என்றார். டப்பா காலியாகும் நேரத்தில் தங்கையின் கைபேசி அடித்தது. அசல் மகள்.

"அம்மா, நாலஞ்சு நாள்ல ஆயிடும்னு டாக்டர் சொல்றாங்க. பயமா இருக்கும்மா. எப்ப வர்றே?"

தங்கை பேச வாயெடுப்பதற்குள் அதிகாரி தடுத்தார். "அதான் வந்துட்டீங்களேம்மா! வெளிநாட்டுல இருக்கும்போது போனை எடுக்காதீங்க. கட்டணம் எகிறிடும். முக்கியமான அறிவுரை அது."

"நான் இங்க நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றார் பொறுப்பு மகள், மீசையைத் துடைத்துக்கொண்டே.

"இதோ கிளம்பிட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனை வைத்தாள். அதிகாரியிடம் திரும்பினாள். "ஒத்திகை முடிஞ்சுது. அனுபவம் வந்தாச்சு. அனுமதி குடுங்க, சார். என் பொண்ணு காத்திட்டிருக்கா."

"எங்க போக?"

"என் பொண்ணு ஊருக்கு."

அதிகாரி குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சிரித்தார். "அம்மா, நீங்க அந்த ஊருக்கு வந்து சேர்ந்துட்டீங்க. பதிவாயிடுச்சு. சேர்ந்துட்டவங்களுக்கு எப்படிப் புறப்பட அனுமதி குடுக்கிறது? முதல்ல திரும்புற ஒத்திகை முடிக்கணும். கீழே இறங்கணும்."

"இறங்குறேன்."

"இன்னிக்கு முடியாது. படிக்கட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கிறாங்க. விமானம் ரத்து."

"எப்பக் காயும்?"

"அரசாங்கப் பெயிண்ட் அம்மா. அது காயறப்பதான் காயும்."

மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் மூன்றாம் மாடியில் இன்னொரு படம் எடுக்க வெளிச்சம் போதுமா என்ற யோசனையில் இருந்தார். என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். என் தங்கையைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அழப்போகிறாள் என்று நினைக்கும்போதுதான் அவள் கணக்கான கேள்வி கேட்பாள்.

"சார், அப்ப நான் இப்ப இந்த ஊர்லயே இல்லையா?"

"இல்லவே இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அரசாங்கப் பதிவு."

"இந்த ஊர்லயே இல்லாத ஒருத்தி, இந்த ஊரை விட்டுப் போக யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். மேலே சுழலாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார். "யாருகிட்டயும் வேண்டாம்" என்றார் கடைசியில். "விதியில அப்படி ஒரு ஆளே கிடையாது."

"அப்ப நான் வர்றேன்."

"ஏய், எங்க போறே? விமானம் ரத்து!" என்று கத்தினார் மாப்பிள்ளை.

"நான் நடந்தே போறேங்க" என்று சொல்லிவிட்டு, ஈரப் பெயிண்ட்டில் தடதடவென்று இறங்கினாள். பின்னால் பெட்டியோடு நான். எங்கள் செருப்பின் அடி பச்சைப்பசேல் என்றாகிவிட்டது.

விமான நிலையத்தில் அனுமதி எங்கே என்று கேட்டார்கள். "ஆயத்த அலுவலகத்தைக் கேளுங்க" என்றாள். கேட்டார்கள். "அந்த அம்மாள் ஏற்கெனவே அங்கே பத்திரமாகச் சேர்ந்துவிட்டார்" என்று பதில் வந்தது. பத்திரமாகச் சேர்ந்துவிட்ட ஒருவரைத் தடுப்பதில் என்ன பயன்? முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். வழியில் எந்த நகரமும் பார்க்காமல் நேராகப் போய் இறங்கினாள். மகளுக்கு வலி கண்டபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். பேத்தி பிறந்தாள்.

மாப்பிள்ளை கதை வேறு. பெயிண்ட் காயாததால் அவர் இன்னும் வெளிநாட்டிலேயே இருப்பதாகப் பதிவு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பின்பக்கக் கம்பி ஏணி வழியாக வெளிநாட்டுக்குப் போய்விடுவார். குழாய் அலுவலகத்துக்குப் போனால், "நீங்கதான் வெளிநாட்டுல இருக்கீங்களே, இங்க எப்படி வந்தீங்க?" என்று பயந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள். அதனால் மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு நகரம் சுற்றிய அனுபவங்களைச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் அம்மியது. தொட்டியை எந்தக் கோணத்தில் பார்த்தால் நளினம் அதிகம் என்பதை அவர் விளக்கியதை அதிகாரியே குறிப்பெடுத்துக்கொண்டார்.

செருப்படியில் பச்சைப் பெயிண்ட் இருந்தால் அவர் வெளிநாடு போய் வந்தவர் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பிறகு என்ன? பெயிண்ட் கடையில் பச்சை மட்டும் கிடைக்கவில்லை. போகாதவர்கள்தான் இரண்டு பூச்சாகப் பூசிக்கொண்டார்கள்.

தங்கை திரும்பி வந்ததும் ஊரே அவள் வீட்டில் கூடியது. "நீண்ட பயணத்துக்கு நாலு யோசனை சொல்லுங்கக்கா!"

"பெட்டி சின்னதா இருக்கட்டும்" என்றாள். "புதுச் செருப்பு போட்டுக்கிட்டுப் போகாதீங்க, கடிக்கும். போய்ச் சேர்ற அன்னிக்கு எதையும் பாக்காம தூங்குங்க. நாலு ஊர் போறதா இருந்தா, நமக்காக யாரு காத்திட்டிருக்காங்களோ அந்த ஊருக்கு முதல்ல போங்க."

கூட்டம் காத்திருந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றார் லாடத் தலையணைக்காரர். "கோபுரம்?"

"பாக்கலையே. பேத்தி முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒரு தண்ணித் தொட்டி தெரிஞ்சுது."

"ஒழுகுச்சா?"

"இல்லை."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம்" என்றார் மாப்பிள்ளை, தழைந்த குரலில். "அவ வேற ஏதோ ஊருக்குப் போயிட்டு வந்திருக்கா."

கூட்டம் கலைந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போய்விட்டு, நாங்கள் மூன்றாம் மாடியிலேயே பார்த்ததைப் பார்க்காமல் வந்துவிட்டாளே!

"பேத்தியைப் பாக்கணும்னு ஆசையா இருந்தா நேரா டிக்கெட் எடுத்துப் போ அண்ணா" என்று தங்கை தினமும் நச்சரிக்கிறாள். அனுபவம் இல்லாமல் எப்படிப் போவது? சாமான் தூக்கியவனாகப் போனதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் ஆயத்த அலுவலக வாசலில், இதோ இந்த வரிசையில், பெட்டியோடு நின்றுகொண்டு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் நிற்கிறவரே, சிரித்தது போதும். உங்கள் பெட்டிச் சக்கரம் என் பச்சைச் செருப்பு மேல் ஏறி நிற்கிறது. கொஞ்சம் இறக்குங்கள்.