ஆர்க்டிக் கல்லுக்குப் புளி போட்ட கதை

உற்சாகம் ஒரு பொல்லாத வியாதி. காய்ச்சல் வந்தவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். அவனால் யாருக்கும் தொந்தரவில்லை. உற்சாகம் வந்தவன் எழுந்து உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுவான். எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியின் பான் நகரில் புதைபடிவ ஆராய்ச்சி மாணவனாக இருந்த எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

காரணம் ஸ்பிட்ஸ்பெர்கன். ஆர்க்டிக் கடலில், வட துருவத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் தீவு. அங்கே கறுப்புக் களிப்பாறை அடுக்கடுக்காக மலையாக நிற்கிறது. டைனோசர்கள் நிலத்தில் உலவிய காலத்தில் அது கடலடிச் சேறு. அந்தக் கடலில் நீந்திய ராட்சதப் பல்லிகள், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் என்ற சிப்பிகள், எல்லாம் அந்தப் பாறைக்குள் கல்லாகிக் கிடக்கின்றன. நானோ அரியலூர்க்காரன். எங்கள் ஊர் ஓடையிலும் கடல் சிப்பி கல்லாய்க் கிடைக்கும் (அரியலூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், ஒரு காலத்தில் இருந்தது). அதைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் இந்தப் படிப்புக்கே வந்து சேர்ந்தேன். அப்படிப்பட்டவனிடம் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று சொன்னால் தூக்கம் வருமா?

எங்கள் பேராசிரியர் கோடையில் அங்கே ஒரு குழுவை அழைத்துப் போவதாக இருந்தார். மாணவர்களில் ஒருவருக்குத்தான் இடம். அதற்கு அவர் வைத்த பரீட்சை விசித்திரமானது. முந்தைய பயணத்தில் கொண்டுவந்த கல்லுருண்டை ஒன்றையும் ஓர் எஃகு ஊசியையும் கையில் கொடுத்துவிடுவார். ஊசியால் கல்லைப் பொடிப்பொடியாகச் சுரண்டி, உள்ளே இருக்கும் அம்மோனைட்டைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும்.

“ஊசி மட்டும்தான்,” என்றார் பேராசிரியர். “கல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்களா என்றுதான் பார்க்கப்போகிறேன்.”

முதல் கல் எனக்குக் கிடைத்தது. இடமும் கிடைத்துவிட்டதாக நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கே அம்மாவுக்கு எழுதினேன். பனிக்கரடி என்னைத் தின்றுவிடாமல் இருக்க மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாக அம்மா பதில் போட்டாள். பானில் இருந்த தமிழர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அவர்களும் வெள்ளை மனதோடு ஒரு சனிக்கிழமை எனக்கு வழியனுப்பு விருந்து ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

கல்லில்தான் ஒன்றும் நடக்கவில்லை. ஊசியால் ஒரு வாரம் சுரண்டினால் ஒரு சிட்டிகை தூள் வரும். மெல்ல மெல்ல அம்மோனைட்டின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. அழகான வரிகள். அதில் ஓரிடத்தில் முத்துச்சிப்பியின் உட்புறம் போல வானவில் நிறம் மினுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மனித இனமே இல்லாத காலத்து மினுமினுப்பு அது. முழுவதையும் உடனே பார்த்தாக வேண்டும் போல இருந்தது.

வாரக் கடைசியிலும் வேலை செய்யப்போவதாகச் சொல்லிக் கல்லை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவர் சிவஞானம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் மாணவர். சமையல் அவர் பொறுப்பு, பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. (எனக்கு வெந்நீரை விட்டால் ரசம் ஒன்றுதான் வைக்கத் தெரியும்.)

“அண்ணே, கொஞ்சம் புளி எடுத்துக்கவா?” என்றேன்.

“சமைக்கவோ?”

“இல்லண்ணே, இந்தக் கல்லுக்கு. எங்கம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் தேய்ப்பாங்க. அப்படியே பளபளன்னு ஆயிடும்.”

“உமக்கு விசரே? உம்மட புரொபசர் ஊசி மட்டுமெண்டல்லோ சொன்னவர்?”

“சும்மா ஒரு ட்ரையல்தாண்ணே. ஃபினிஷிங் ஊசியாலதான் பண்ணுவேன்.”

“எதையெண்டாலும் செய்யும். பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

புளியை உப்போடு கெட்டியாகக் கரைத்துக் கல்லின் மேல் ஊற்றினேன். நுரைத்தது. வேலை செய்கிறது என்று குதித்தேன். சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். சிப்பி என்பதே சுண்ணாம்புதான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அன்று பார்த்து அது எதுவும் ஞாபகம் வரவில்லை. இருக்கிற புளியை எல்லாம் கரைத்து, கல்லை ஒரு கிண்ணத்தில் ஊறப் போட்டுவிட்டு விருந்துக்குக் கிளம்பினேன்.

விருந்தில் வடை, பாயசம், சந்தன மாலை இல்லாத குறைக்கு ஒரு காகித மாலை. ஆர்க்டிக்கைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நான் அங்கே பேசப் பேச, புளி இங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கல்லைக் கழுவினேன். வரிகளைக் காணோம். வானவில்லைக் காணோம். பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒரு பொருக்கு கல் முழுவதும் படிந்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

சிவஞானம் அண்ணை எட்டிப் பார்த்தார். “இனி ஒண்டும் செய்ய ஏலாது, தம்பி,” என்றார். “புளியும் போச்சு.”

திங்கட்கிழமை பேராசிரியர் கல்லை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். முகர்ந்தார். பிறகு, பாறை ஆட்களுக்கே உரிய வழக்கப்படி, நாக்கு நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இது என்ன?”

“புளி,” என்றேன். “கொஞ்சம் உப்பும்.”

“இதை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?”

“விளக்குத் தேய்க்க. ரசம் வைக்க.”

அவர் கல்லை மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். என் ஆர்க்டிக் அந்த ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு என்ன எழுதுவது, பாயசம் குடித்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது.

“சமைக்கத் தெரியும் என்று சொல்லுங்கள்,” என்றார் திடீரென்று. “எங்கள் முகாமுக்கு வருவதாக இருந்த சமையல்காரர் காலை உடைத்துக்கொண்டார்.”

“தெரியும்,” என்றேன், மூச்சு விடாமல்.

“ஒரு நிபந்தனை. அங்கே எந்தக் கல்லையும் நீங்கள் தொடக்கூடாது.”

அந்தக் கோடையில் ஸ்பிட்ஸ்பெர்கன் போனேன். கிளம்பும் வரை சிவஞானம் அண்ணை என்னை அடுப்பு முன்னால் நிறுத்திப் படுத்திய பாடு தனிக் கதை. படகிலிருந்து இறங்கி அந்தக் கறுப்பு மலையை அண்ணாந்து பார்த்தேன். மற்றவர்கள் சுத்தியலோடு ஏறினார்கள். நான் கரண்டியோடு கீழே நின்றேன். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒருநாள் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனேன். கரைச் சரிவில் வட்ட வட்டமாக, வரிசையாக, பணியாரம் சுட்டு அடுக்கியது போல எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கடல் பல்லியின் முதுகெலும்பு. வாளியைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். பேராசிரியர் ஓடிவந்தார்.

“தொட்டீர்களா?”

“இல்லை.”

அவர் என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் எலும்பின் பக்கம் திரும்பினார். மண்டையோடு வரை முழுசாகக் கிடைத்தது. அன்று முகாமில் எல்லோரும் என் ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஊர் திரும்பி, கல்லூரியில் நிலவியல் பேராசிரியராகி, கல்யாணம் செய்துகொண்டேன். பல வருடம் கழித்து மனைவியையும் மகளையும் பானுக்கு அழைத்துப் போனேன். அங்கே அருங்காட்சியகத்தில் அந்தக் கடல் பல்லி கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இது அப்பா கண்டுபிடிச்சது,” என்றேன். கீழே ஜெர்மனில் இருந்த சிறு அட்டையை, மனைவிக்கும் மகளுக்கும் புரியட்டும் என்று, அங்கே வேலை பார்த்த பெண்மணி ஆங்கிலத்தில் படித்துச் சொன்னார். கண்டெடுத்தவர்: முகாம் சமையல்காரர்.

மகள் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை.

“கல்யாணமான நாளா அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்ல,” என்றாள் நிதானமாக. “வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுன்னீங்களே.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது. பழைய மாணவர்கள் போன் செய்து புரொபசர் இருக்கிறாரா என்று கேட்டால், என் மனைவி தவறாமல் சொல்வாள்: “புரொபசர் இல்லப்பா. சமையல்காரர் இருக்கார், குடுக்கட்டுமா?”