இரண்டாம் ஓலைக்கு நான் சொன்ன தடை

தூத்துக்குடி,
20 ஜனவரி 2026, செவ்வாய்க்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். என் எண்ணை பிளாக் செய்த சொந்தக்காரர்கள் இதுவரை பதினான்கு பேர். பதினான்காவது ஆள் நீங்கள்.

மரியாதைக்குரிய கிருபாநிதி சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் ஜாபேஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும், சாத்தான்குளத்தில் அம்மாவும் பெர்சி அக்காவும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் பிரேமா சித்தியும் சுகமா, உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

சனிக்கிழமை காலை நான் அனுப்பிய வீடியோவில், அக்கா கல்யாணத்தை நிறுத்த வேண்டும், நீங்கள் புறப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அது முழுத் தப்பு. கல்யாணம் பிப்ரவரி 5 அன்று நடக்கும். அப்பா இல்லாத வீட்டில் அவர் இடத்தில் நின்று அக்காவைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்களோ "டிக்கெட் ரத்து" என்று இரண்டே சொல் அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோ காலில் வந்தால், அம்மாவே பொய் என்கிறீர்கள். "என் அண்ணி செல்வராணி எங்கிட்ட கோபப்படவே மாட்டாங்க, இது ஏஐ" என்றீர்களாம். நீங்கள் அப்படிச் சொன்ன பிறகுதான் அம்மா கோபப்பட்டார்கள் என்பதைக் கவனிக்கவும். போனில் யாரையும் நம்ப மாட்டேன் என்பவருக்குப் பேனாவால் எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை பிரைட்டனை நம் வீட்டில் யாரும் நேரில் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. கப்பலை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று வீடியோ போட்டு இரண்டு லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருக்கிறார். பக்கத்து ஊர் நாசரேத்திலிருந்து அவர் அம்மா கிருபை வந்து பேசி முடித்தார்கள், மாப்பிள்ளை திரையில் தலையாட்டினார், அவ்வளவுதான். நான் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன்களின் கன்ட்ரோல் சிஸ்டம் பார்க்கிறவன், சென்சார் சொல்வதையே இரண்டு தடவை சரிபார்க்கிறவன், எனக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிறது, முடி அசையவில்லை. தும்மல் இல்லை, இருமல் இல்லை, "அது வந்து" என்று ஓர் இழுவை இல்லை. தென்மாவட்டத்தில் பிறந்த மனுஷன் எவன் அப்படிப் பேசுவான்? வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பேசும்போது, "முகத்துக்கு முன்னாடி கையை இப்படிக் கொண்டு போங்க" என்றேன். போலி முகத்தைப் பிடிக்க அதுதான் சோதனை. அவரும் மரியாதையாகக் கையைக் கொண்டுபோனார். முன்னந்தலை முடி பிய்ந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தது. அம்மா, "வெளிச்சம் சரியில்ல போல" என்றார்கள். நான் முடிவே கட்டிவிட்டேன்: இப்படி ஓர் ஆளே உலகத்தில் இல்லை.

ஓலை வாசிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிறு மணமக்கள் பெயர்களைக் கோயிலில் வாசித்து, கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். இரண்டு நாள் கழித்து, ஞாயிறன்று இரண்டாம் ஓலை. மாப்பிள்ளை மனுஷனே இல்லை என்பதைவிடப் பெரிய தடை என்ன இருக்கிறது? மொட்டைக் கடிதம் போட்டால் மதிப்பிருக்காது என்று, கோட்டு டை எல்லாம் மாட்டி, பின்னால் கொடியில் காயும் ஜட்டி தெரியாமல் மங்கலாக்கி, கிரேன் இரைச்சலை வடிகட்டி, "பெருமதிப்பிற்குரிய குருவானவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு" என்று தொடங்கி, எழுதி வைத்ததை மூன்று நிமிடம் மூச்சு விடாமல் வாசித்தேன். குருவானவருக்கும், கடைசியில் 'சித்தப்பா, நீங்கள் புறப்பட வேண்டாம்' என்று சேர்த்து உங்களுக்கும் சனிக்கிழமை காலை அனுப்பினேன்.

மத்தியானம் அம்மா போன் செய்து, "மாப்பிள்ள இன்னைக்கு வாராருலே, வாகைக்குளம் போய்க் கூட்டிட்டு வா, மக்ரூன் வாங்கிட்டுப் போ" என்றார்கள். ஏர்போர்ட் வாசலில் ஒரு மனுஷர் வந்தார். குரல் அதே, மூக்கு அதே, முன்னந்தலையில் முடி கிடையாது. கை கொடுத்தார், கை வியர்த்திருந்தது. வண்டியில் ஏறியதும் தும்மினார். மூன்று தடவை. மக்ரூன் டப்பாவைப் பிரித்து என் சீட் முழுக்கத் துகள் சிந்தினார். ஆழ்வார்திருநகரி தாண்டி ரயில்வே கேட்டில் குறுக்கே வண்டியை விட்ட ஒருவனைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, "ஏலே, ரயிலு ஒனக்காக நிக்குமால?" என்று கத்தினார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு கோளாறோடு ஒருத்தரை எந்தக் கம்பெனியும் தயாரித்து வெளியே விடாது. "முடி எங்க?" என்று நேரடியாகவே கேட்டேன். "கல்யாணம் முடியுத வரைக்கும் பெரியவங்க முன்னாடி வச்சிக்கோன்னு அம்மை சொன்னாவ. ஆப்புல முடி வைக்க ஒரு வசதி இருக்கு" என்றார்.

அவரை நாசரேத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் அக்காவிடம் மெதுவாக முடி விஷயத்தை ஆரம்பித்தேன். "அது எனக்கு மொத நாளே தெரியும்லே. எங்கிட்ட பேசுதப்ப அதைக் கழட்டி வச்சிட்டுத்தான் பேசுவாரு. நீ ஒன் வேலையப் பாரு" என்றாள். என் வேலையைத்தான் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டேனே. குருவானவருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை பிரசங்கம் தயார் செய்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை விவரிக்க விரும்பவில்லை. ஓலை வாசித்தார். தடை உண்டா என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சபையாருக்கு ஓர் எச்சரிப்பு. நம்ம ஜாபேஸ் முகத்தை வச்சு எவனோ போலி வீடியோ செஞ்சு அனுப்பியிருக்கான். ஒரு காது இல்ல. கண்ணு இமைக்கல. அதெல்லாம் போகட்டும், மூணு நிமிஷம் எனக்கு மரியாதை குடுத்துப் பேசுதான். நம்ம ஜாபேஸ் பேசுவானா?" சபையே சிரித்தது. கைக்குழந்தை ஒன்றும் சிரித்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைப் போட்டு, எல்லாரும் தடுத்து வைக்கவும் என்று எழுதிவிட்டார். வாசலில் அக்கா என் தோளைத் தட்டி, "எவன்னு தெரியட்டும், அவன் கையை ஒடிக்கேன்" என்றாள். அவமானப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ ஜுரம் விட்டது போல இருந்தது, சித்தப்பா. போலி என்று பெயர் வாங்கியதில் இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை.

ஆகவே நீங்கள் வர வேண்டும். இது இயந்திரம் எழுதியதோ என்று சந்தேகம் வந்தால் சொல்கிறேன்: அந்தப் பழுப்பு சஃபாரி சூட்டைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், அதில் நீங்கள் ஓய்வுபெற்ற கண்டக்டர் மாதிரி இருக்கிறீர்கள். எந்த இயந்திரமும் இப்படிச் சொல்லாது. சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கும் ஆண்டவர் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
உண்மையான
ஜாபேஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சித்தி போன் செய்தார்கள். நீங்கள் டிக்கெட்டை ரத்து செய்யவே இல்லையாம். அம்மாவிடம் விளையாட்டுக்குச் சொன்னீர்களாம். வீடியோவில் இருந்தது நான்தான் என்று உங்களுக்கு முதல் நிமிடமே தெரியுமாம். "சபை ஐயரு ஆயிரம் சொல்லட்டும், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் இடது தோளைத் தூக்குதான் பாரு, எங்க அண்ணன் அப்படியேதான் தூக்குவான்னு சொல்லிச் சொல்லி நாலு தடவ போட்டுப் பாத்தாருல. நீ மறுபடியும் எதையாவது பேசிக் கெடுத்துரக் கூடாதுன்னுதான் பிளாக் பண்ணிருக்காரு" என்றார்கள். ஆக, மேலே எழுதிய எதற்கும் அவசியமே இல்லை. எனவே இனி நான் செய்யப்போவது:

1. எழுதியது வீணாகக் கூடாது என்பதால் இதைத் தபாலில் போடுவேன்.
2. இன்று சாயங்காலமே பஸ் ஏறி சாத்தான்குளம் போய், அந்த வீடியோ என்னுடையதுதான் என்று அக்காவிடம் நேரில் சொல்வேன். எந்தக் கையை ஒடிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.
3. குருவானவரிடமும் சொல்வேன். மரியாதை இல்லாமல் சொல்வேன், அப்போதுதான் நம்புவார்.
4. பிரைட்டனை முதல் தடவையாக 'அத்தான்' என்று கூப்பிடுவேன்.
5. 25-ஆம் தேதி மூன்றாம் ஓலை வாசிக்கும்போது கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.
6. நீங்கள் வரும் ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொள்வேன்.
7. அதற்கு முன்னால், வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அந்த இடது தோளை நானும் ஒரு தடவை பார்ப்பேன்.