உங்கள் இடது காதுக்கு

என் மீசைப் பூனைக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் இங்கே சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் அங்கே சுகமா என்று செத்துப் போனவரிடம் விசாரிக்கலாமா கூடாதா தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டது போல.

சாயங்காலமானால் அன்றைக்கு நடந்ததையெல்லாம் உங்களிடம் கொட்டினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது கொட்ட ஆளில்லாமல் வயிறு உப்பிக் கிடக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பெஞ்சு அங்கேயே, நம் வீட்டுக் கொல்லையில், அடுப்படி ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. உங்கள் பிளட்டூனில் எவனுக்கு மனசு சரியில்லை என்றாலும் அவனை அதில் உங்கள் இடது பக்கம் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து பூட்சுக்குப் பாலிஷ் போடுவீர்கள். அவன் அழுவான், திட்டுவான், மூக்கைச் சிந்துவான். கடைசியில் நீங்கள், "காலையில பதில் சொல்றேன், போய்த் தூங்கு" என்பீர்கள். அவன் போனதும் உள்ளே வந்து, "என்னடி சொன்னான்? எனக்குத்தான் இந்தக் காது சுத்தமா கேக்காதே" என்பீர்கள். பயிற்சியில் பீரங்கிச் சத்தத்தில் போன காது, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து நான் ஈ எறும்புக்குக்கூட மூச்சு விடவில்லையே! ஜன்னலில் கேட்டதை ஒன்று விடாமல் சொல்வேன், கூடவே என் அபிப்பிராயத்தையும் சேர்த்து. காவலில் தூங்கிவிட்டவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, பகல் காவலுக்கு மாற்றுங்கள், ஆனால் சும்மா மாற்றினால் மற்றவன் வயிறு எரியும், ஆயுத அறையையும் அவனையே துடைக்கச் சொல்லுங்கள் என்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னது, மறுநாள் காலை உங்கள் தொண்டையில் இடி மாதிரி வரும். பயல்கள் விறைத்து நிற்பார்கள். எனக்கு அடுப்படியில் சிரிப்பை அடக்க முடியாது.

நீங்கள் போன பிறகு உங்கள் இடத்துக்கு ஒரு புது சார்ஜென்ட் வந்திருக்கிறார். நல்ல மனுஷன். சட்டையில் மட்டுமில்லை, பேச்சிலும் மடிப்பு கலையாது. பயல்கள் இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவன் அவரிடம் போய், "சார், என் சம்சாரம் பேச மாட்டேங்குறா" என்றால், இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "முதலில் பிரச்சினையை வரையறுப்போம். அடுத்து, வழிகளை ஆராய்வோம்" என்கிறாராம். அவன் வந்த வழியை ஆராய்ந்து ஓடி வந்துவிட்டான், எங்கே? நம் ஜன்னலுக்கு. அவனுக்குப் பின்னாலேயே இன்னொருத்தன். "அண்ணி, அண்ணன் இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? உங்கள் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா, அந்த நேரம் மட்டும் வீட்டில் நீங்கள் இருப்பது போலவே இருந்தது.

ஒரு நாள் கேப்டன் அந்தப் பக்கம் வந்தார். கொல்லையில் வரிசையைப் பார்த்து, நான் பலகாரக் கடை போட்டுவிட்டதாக நினைத்து அவரும் கடைசியில் நின்றுகொண்டார். "இங்க என்னப்பா விக்கிறாங்க?" என்று கேட்க, முன்னால் நின்ற ஒட்டடைக்குச்சி (நம் வாசல்படியில் தலையை இடித்துக்கொள்வானே, அந்த நெட்டையன்தான்), திரும்பிப் பார்க்காமலே, "புத்திமதி. நீ என்ன தப்பு பண்ணே?" என்றான். அன்றைக்கு அவன் ஓடின ஓட்டம் மைதானத்துக்கே புதுசு. ஆனால் அடி விழுந்தது இஸ்திரிக்குத்தான். "உன் ஆளுங்க ஒரு ஜன்னல்கிட்ட குறை சொல்றானுங்க. மாசக் கடைசிக்குள்ள ஒருத்தனாவது உன்கிட்ட மனசு விட்டுப் பேசலேன்னா உன் தோள்ல இருக்கிற பட்டையைக் கழட்டிடுவேன்!" என்று கேப்டன் கத்தியது எனக்கே கேட்டது.

அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? உங்களைப் பற்றி விசாரித்தார். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்பீர்கள் என்று யாரோ சொல்லிவிட, அதுதான் சூட்சுமம் என்று பிடித்துக்கொண்டார். மறுநாள் முதல் தலை சாய்ந்தது சாய்ந்ததுதான். சாப்பிடும்போதும் சாய்வு, சல்யூட்டிலும் சாய்வு. அவரைப் பார்த்து கார்ப்பரல்களும் சாய்த்தார்கள். அணிவகுப்பில் காற்றடித்த வாழைத்தோட்டம் மாதிரி ஒரு வரிசையே சாய்ந்து நிற்க, கேப்டன் எல்லாரையும் கழுத்துச் சுளுக்கென்று டாக்டரிடம் அனுப்பிவிட்டார். டாக்டர் தடவிய தைலத்தின் வாடை இன்னும் இந்தத் தெருவை விட்டுப் போகவில்லை.

அந்த வாடையோடு இஸ்திரி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணி, சாய்ச்சுப் பார்த்துட்டேன், ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். அண்ணன் எப்படித்தான் செஞ்சார்?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. உங்கள் காதைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்ல? "தலையை நேரா வைங்க. வாயை மூடுங்க. கையில ஒரு வேலை இருக்கட்டும். என்ன சொன்னாலும் காலையிலதான் பதில்" என்றேன். அவ்வளவுதானா என்று பார்த்தார். அவ்வளவுதான், ஆனால் பாதி எனக்குள்ளே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒட்டடைக்குச்சி வந்தான். துப்பாக்கியைத் தூக்கினால் கை நடுங்குகிறதாம், பக்கத்தில் நிற்பவனையே சுட்டுவிடுவேனோ என்று பயமாம். "ஓடிப் போயிடலாம்னு இருக்கேன் அண்ணி" என்றான். என் நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். "சார்ஜென்ட்கிட்ட சொல்லு" என்றேன். "அவர் வரையறுப்பார் அண்ணி!" என்று கெஞ்சினான். ஜன்னலைச் சாத்திவிட்டேன். அவன் முகத்தில் அல்ல, என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்த சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், திட்டாதீர்கள். இஸ்திரி பாலிஷ் போடுகிறார், போடுகிறார், பூட்சு எது பெருவிரல் எது என்று தெரியாமல் போடுகிறார். அவன் அழுகிறான். இவர் உதடு "வரை" என்று குவிந்தது, அப்படியே மூடிக்கொண்டது. கடைசியில், "காலையில பதில் சொல்றேன், போய்த் தூங்கு" என்றார். ஆனால் அவர் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. காலையில் அவனைத் தனியாகச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், தன் கையை நீட்டிக் காட்டினாராம். அதுவும் நடுங்கியதாம். "எனக்கும் இப்படித்தான். அது நிக்கிற வரைக்கும் நீயும் நானும் தனியா வந்து சுடுவோம்" என்றாராம். நான் யோசித்து வைத்திருந்தது இதில் பாதிகூட வராது. சந்தோஷம்தான், ஆனாலும் கொஞ்சம் எரிந்தது.

ஒட்டடைக்குச்சி ஓடவில்லை. இஸ்திரியின் பட்டையும் தோளில்தான் இருக்கிறது. இப்போது எல்லாரும் அவரிடம்தான் போகிறார்கள். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், காற்றுதான் வருகிறது. உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன், நிம்மதியாக இருங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களுக்கு மேல் அதிகாரி யாராவது இருந்தால் அவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் ஜன்னல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தத் தைல டாக்டர் துக்கம் விசாரிக்க வந்தார். இனிமேல் யார் வேலை போகப்போகிறது என்று துணிந்து, "அவருக்கு இடது காது கேக்காதுன்னு தெரிஞ்சும் ஒவ்வொரு வருஷமும் விட்டுக்கொடுத்தீங்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம் டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முழித்தார். "யாருக்கு? உங்க வீட்டுக்காரருக்கா? பக்கத்து ரூம்ல ஊசி விழுந்தா எந்த மூலையிலன்னு சொல்ற ஆளும்மா அவர். ரெண்டு காதும் பாம்புக் காது" என்றார். அட படுபாவி மனுஷா! அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தினமும் என்னிடம் வந்து "என்னடி சொன்னான்" என்றீர்களா? தலையைச் சாய்த்தது நான் ஜன்னலில் இருக்கிறேனா என்று பார்க்கத்தானா? உங்கள் அக்காவைப் பற்றி, உங்கள் மீசையைப் பற்றி, உங்கள் குறட்டையைப் பற்றி உங்கள் இடது பக்கம் நின்று நான் சொன்ன அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு மரம் மாதிரி இருந்தீர்களே! அது போகட்டும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், நேரே சொல்ல வெட்கப்பட்டு, கட்டிலைச் சுற்றி வந்து, கேட்காத காது என்று நம்பி அந்தப் பக்கம் குனிந்து ஒன்று சொன்னேனே, அது உங்களுக்குக் கேட்டதா?