பலெர்மோவில் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை

யாழ்ப்பாணத்தவனுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறந்துபோய், அங்கே ஒரு சொந்தக்காரரின் சோபாவில் இருந்து தேநீர் குடித்துவிட்டு வருவதற்குத்தான் அவன் அந்தப் பெயரை வைத்திருக்கிறான்.

நானும் வாசுகியும் லண்டனில் இருக்கிறோம். கலியாணமான நாளிலிருந்து விடுமுறைகளுக்குக் குறைவில்லை. பாரிசுக்குப் போனோம், பெயர்பெற்ற அந்தக் கோபுரத்தைச் சின்ன மாமி வீட்டுக் குளியலறை யன்னலால் பார்த்தோம் (கழுத்தை இடப்பக்கம் நன்றாக வளைத்தால் உச்சி தெரியும்). சுவிசுக்குப் போனோம்; மலைக்குப் போக இருந்த அன்று அண்ணன் முறையான ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள். ஜெர்மனியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக் கலியாண வீடியோ என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் தாலி கட்டும்வரை வரவில்லை. அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இதையெல்லாம் தவிர்க்கவும் முடியாது. உறவினர் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால், அவர்மேல் வழக்குப் போட்டதற்குச் சமம்.

இது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சோபா வசதியாகத்தான் இருந்தது. வாசுகிதான் ஒருநாள், மிகவும் அமைதியாக, ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் அமைதியாகக் கதைத்தால் நான் எழுந்து இருந்து கேட்பது வழக்கம்.

"சொந்தக்காரர் இல்லாத ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாலு நாள் போதும். ஒருத்தற்றை வீட்டுப் படியும் நான் மிதிக்க மாட்டன்."

நான் இணையத்தில் தேடி, தெற்கு இத்தாலியில் பலெர்மோ என்ற ஊருக்கு மலிவு டிக்கெட் எடுத்தேன். கடலும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. லண்டன், பாரிஸ், டொரன்டோ என்று ஓடுகிற நமது சனம் இந்தப் பக்கம் ஏன் வரப்போகிறது என்பது என் கணிப்பு. "அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை, நான் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். உலக விவகாரங்களில் என் கணிப்புகள் பொதுவாக இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

அம்மா கொக்குவிலில் இருக்கிறார். வரைபடத்தில் இலங்கையைக் காட்டச் சொன்னால் தடுமாறுவார். ஆனால் எந்த நாட்டில், எந்த ஒழுங்கையில், எந்தச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். டிக்கெட் எடுத்த சந்தோசத்தில் அவரிடம் ஊரின் பெயரைச் சொன்னேன். "பலெர்மோவோ? அங்கைதானே எங்கடை யோகன் இருக்கிறான்" என்றார் அம்மா.

யோகன் என் தாய்மாமனின் மகன், எனக்கு மச்சான். அவன் இத்தாலியில் இருப்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் இத்தாலி நீளமான நாடு. அதில் எந்த இடம் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. டிக்கெட்டையோ திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த நாளே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, திட்டம் மாறிவிட்டது, நாங்கள் நேப்பிள்ஸுக்குப் போகிறோம் என்று சொன்னேன். வாசுகியிடம் ஒன்றுமே சொல்லவில்லை. பெரிய ஊர்தானே, நான்கு நாட்களில் யார் யாரைக் காணப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பலெர்மோவில் இறங்கிய அன்று மாலை வியா மக்வேதாவில் நடந்தோம். பழைய நகரத்தின் நடுவே போகும் கடைத்தெரு அது. வாசுகி ஒரு கடைவாசல் கதிரையில் கால்களை நீட்டி இருந்து, சீவிய ஐசில் எலுமிச்சம் சாறு விட்ட கிரனிதாவைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டாள். பிறகு, சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினா ஒன்று. பிறகு இன்னொன்று. "ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை, பாருங்கோ" என்றாள். எழும்பி எங்கே போகச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததை நான் அண்மையில் கண்டதில்லை. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்தத் தெருவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தமிழர் போய்க்கொண்டிருந்தார். மரக்கறிப் பையோடு ஒரு அம்மா. சைக்கிளில் ஒரு ஐயா. முடி வெட்டும் கடைக்குள்ளிருந்து நல்ல யாழ்ப்பாணத் தமிழில் ஒரு சண்டை. நான் தொப்பியை இறக்கினேன், இருட்டிய பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை (இரண்டு விளக்குக் கம்பங்களில் மோதினேன்). பொதுவிடத்தில் உரத்துத் தமிழ் கதைப்பது இங்கே மரியாதை இல்லையாம் என்று வாசுகியிடம் ஒரு புதுச் சட்டமும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணில் ஏதும் வருத்தமோ என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு. வேலை இல்லாத நாள், எல்லாத் தமிழரும் தெருவில் இறங்குவார்கள். ஊருக்குள் நிற்பது ஆபத்து. ஹோட்டல் வரவேற்பிலிருந்த பெண்ணிடம் கேட்டேன். ஊருக்கு வெளியே ஒரு மலை, மலையில் ஒரு குகை, குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில் என்றாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கத்தோலிக்கக் கோயில், அதுவும் மலை உச்சியில், அதுவும் குகைக்குள். கொக்குவில் சைவக்காரன் யோகனுக்கு அங்கே என்ன வேலை?

பஸ்ஸில் ஏறியதும் எனக்கு வியர்த்தது. முன் வரிசையில் மல்லிகைப்பூவும் பட்டுச் சேலையுமாக மூன்று பெண்கள். பின்னால் திருநீறு பூசிய ஒரு குடும்பம். யாரோ ஒருவர் மடியில் பொங்கல் மணக்கும் ஒரு பாத்திரம். பஸ் மலை வளைவுகளில் ஏற, யன்னலுக்கு வெளியே வெறுங்காலோடு நடந்து ஏறுகிறவர்களைப் பார்த்தேன். அவர்களிலும் பாதிப்பேர் எங்கள் நிறம்.

"இதென்ன, நல்லூருக்குப் போற பஸ் மாதிரிக் கிடக்கு" என்றாள் வாசுகி.

முன்னால் இருந்த அம்மா திரும்பிச் சிரித்தார். ஞாயிறென்றால் தமிழர் எல்லாரும் இங்கேதான் வருவார்கள், சைவம் கிறிஸ்தவம் என்று பார்ப்பதில்லை, இந்தப் புனிதை கேட்டதைத் தருகிறவ என்று விளக்கினார். அதோடு விடவில்லை. தம்பி எந்த ஊர், ஆருடைய மகன் என்றும் கேட்டார். நான் காது கேளாதவன்போல் கடலைப் பார்த்தேன். அந்தப் பக்கம் பாறைதான் இருந்தது.

பஸ்ஸால் இறங்கி மேலே பார்த்தபோது, கோயில் படிகளின் உச்சியில் ஒரு நீலச் சட்டை திரும்பியது. வட்ட முகம், முன் வழுக்கை, அதே மூக்கு. மாமாவின் மூக்கு. எங்கள் பரம்பரையில் அந்த மூக்கைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். அது சரேலென்று குகைக்குள் மறைந்தது. நழுவித் திரும்பிவிடலாம் என்றால் வாசுகி அதற்குள் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு முன்னால் உள்ளே போய், அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, இவளை மற்றப் பக்கம் திருப்பிவிடுவது என்று முடிவெடுத்து ஓடினேன்.

உள்ளே குளிர். பாறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட, அதைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போயின. கண்ணாடிக்குள் பொன் உடுத்துப் படுத்திருந்தது புனிதையின் சிலை; அந்தக் கண்ணாடியை நம்மவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பாவமன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டு ஒன்று நின்றது. நான் அதன் பின்னால் ஒதுங்கி, சுவரோடு சுவராக, பக்கவாட்டில் நகர்ந்தேன். கூண்டின் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு நீலச் சட்டையும் சுவரோடு சுவராக, பின்பக்கம் காட்டி, நகர்ந்து வந்தது. இரண்டு முதுகுகளும் நடுவில் முட்டிக்கொண்டன.

திரும்பிப் பார்த்தோம். யோகனேதான். பிறகு ஒரே நேரத்தில், கோயில் என்பதையும் மறந்து, மச்சான் என்று கட்டிப்பிடித்தோம். அவ்வளவு பாசத்தை நாங்கள் சிறுவயதில்கூடக் காட்டியதில்லை.

சத்தம் கேட்டு ஒரு பக்கத்தால் வாசுகி வந்தாள். மற்றப் பக்கத்தால் யோகனின் மனைவி மலர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யோகன் முந்திக்கொண்டான். தாங்கள் மிலானுக்குப் போயிருந்ததாகவும், நேற்று இரவுதான் வந்து சேர்ந்ததாகவும், நாங்கள் வருவது தெரிந்திருந்தால் விமான நிலையத்துக்கே வந்திருப்பதாகவும் அடுக்கினான். மகள் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்து, இத்தாலியப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பாப்பா, மிலானோவுக்கு எப்ப போனனாங்கள்?"

யோகன் பாறைக் கூரையை ஆராயத் தொடங்கினான். பீலியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாசுகி என் பக்கம் திரும்பினாள்.

"யோகன் அண்ணா இஞ்சை இருக்கிறது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பாவமன்னிப்புக் கூண்டில் முதுகை வைத்துக்கொண்டு பொய் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஓம் என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கையிலிருந்த மெழுகுதிரியைக் குனிந்து பார்த்தாள். "அப்ப இதுவும் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள். நான்கு நாட்களைத்தான் அவள் கேட்டிருந்தாள், அதிலும் ஒன்றரை நாள்தான் கொடுத்திருந்தேன்.

வெளியே வந்து படியில் இருந்தோம். கண்ட பிறகு விட முடியாது. அது நம்மவர் முறை. யோகன் வாய் நிறைய, இப்பவே வீட்டுக்கு வரவேண்டும், ஹோட்டலைக் காலி செய்யவேண்டும் என்றான். நானும் வாய் நிறைய, வராமல் விடுவோமோ என்றேன். இரண்டு பேரின் கண்களும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. உண்மை பிறகு மலரின் வாயால்தான் வந்தது. மலிவு விமானம் விட்ட நாளிலிருந்து கோடை முழுக்க வீட்டில் விருந்தாளிகளாம். இருவரும் வீட்டுவேலை செய்வது லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவிலாம்; அந்த வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராமார் கடற்கரைக்குப் போனதால், பல வருடத்தில் முதல் தடவையாக ஒரு கிழமை ஓய்வு கிடைத்ததாம். அந்த நேரம் பார்த்து என் அம்மா தொலைபேசியில், மகனும் மருமகளும் பலெர்மோவுக்கு வருகிறார்கள் என்று சொல்ல, யோகன் பயந்து மிலானுக்குப் போவதாகச் சொல்லிவிட்டானாம். அடுத்த நாள் நான் நேப்பிள்ஸ் என்றதும், இனி யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று அம்மா விட்டுவிட்டார்.

வாசுகி அதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கிழமை என்ன செய்யிறதா இருந்தனீங்கள், மச்சாள்?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதா இருந்தனான்" என்றாள் மலர்.

"நானும்தான். எந்த ஊருக்குப் போனாலும் இவர் சோபாவிலை இருப்பார், நான் அந்த வீட்டுக் குசினியிலை நிப்பன். எத்தினை நாட்டுக் குசினி பார்த்திட்டன் எண்டு எனக்கே தெரியாது."

அந்தப் படியில் இருந்து அதைக் கேட்கும்வரை, நாங்கள் இருவரும் ஒரே விடுமுறைக்குப் போய் வந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மலர் முதலில் மெல்லச் சிரித்தாள், பிறகு வாசுகியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். வாசுகிக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் கண்ணைத் துடைத்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"விருந்து முறைப்படி நடக்கட்டும்" என்றாள் வாசுகி. "நாங்கள் கடலுக்குப் போறம். சமைக்கிறது நீங்கள் ரெண்டு பேரும்."

அப்படித்தான் என் இத்தாலிய விடுமுறையின் மிச்சம் பிரான்காச்சோ என்ற பகுதியில், யோகன் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக் குசினியில் கழிந்தது. யோகன் சிஞ்ஞோரா வீட்டில் யன்னல் கண்ணாடியை இல்லாததுபோல் துடைப்பான், சட்டையை மடிப்புக் கலையாமல் மினுக்குவான். தன் வீட்டில் சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நான் அவனுக்கு ஏற்ற சோடி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு என்று ஆணை வந்திருந்தது. மாவைக் குழைத்தோம், அது களியாயிற்று. மா சேர்த்தோம், கல்லாயிற்று. தண்ணீர் விட்டோம், நிலமெல்லாம் ஆயிற்று. கடைசியில் வேறு வழியில்லாமல் யோகன் தன் கைத்தொலைபேசியில் என் அம்மாவை வீடியோவில் அழைத்தான்.

அம்மாவின் முகம் திரையில் வந்தது. யோகன் மாக்கையோடு, மாமி, புட்டுக்கு எவ்வளவு தண்ணி என்று கேட்டான். நான் ஆவலில், கொதிதண்ணியோ பச்சைத் தண்ணியோ என்று அவன் தோளுக்கு மேலால் தலையை நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ நேப்பிள்ஸிலை. அவன் மிலானிலை. பிறகு என்னெண்டு ரெண்டு பேரும் ஒரு குசினியிலை நிக்கிறியள்?"

தண்ணீர்க் கணக்கை அவர் கடைசிவரை சொல்லவில்லை. நாங்கள் அடுப்பை மூட்டுவதற்குள் செய்தி டொரன்டோவுக்கும் பாரிசுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சின்ன மாமி மட்டும் இரக்கப்பட்டு, மாவை முதலில் வறுத்தீர்களா என்று கேட்டு எழுதினார். நாங்கள் வறுக்கவில்லை.

பொழுதுபட வாசுகியும் மலரும் மகளும் தலையெல்லாம் உப்பும் மணலுமாக வந்தார்கள். சோபாவில் கால்களை நீட்டி இருந்து, அரிசியா சீமெந்தா என்று தெரியாத அந்தப் புட்டைச் சீனி போட்டுச் சாப்பிட்டார்கள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. கடல் எப்படி என்று கேட்டேன். அதைச் சொல்ல வார்த்தை காணாது என்ற மாதிரி வாசுகி கையை விரித்துக் காட்டினாள். அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு, அடுத்த நாள் விடிய நானாகவே எழுந்து மா வறுத்தேன். அன்று புட்டு உதிர்ந்து வந்தது. நானும் யோகனும் கைகொடுத்துக்கொண்டோம்.

இப்போது ஒவ்வொரு கோடையும் வாசுகியும் மலரும் சேர்ந்து எங்காவது போகிறார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்வதில்லை. குடும்பத்துக்குள் எனக்கு இத்தாலியில் சமையல் படித்தவர் என்று பெயர். கலியாணவீடு, பிறந்தநாள் எதுவானாலும் குசினிக்குள்ளிருந்து, இத்தாலிக்காரரைக் கூப்பிடுங்கோ என்று குரல் வரும். போன மாதம் அண்ணரின் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், கதை தெரியாத பிள்ளை, அதை உண்மையென்று நம்பி, மிகவும் மரியாதையாக, மாமா எங்களுக்கு ஒருநாள் நல்ல பாஸ்தா செய்து தருவீர்களா என்று கேட்டாள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பாஸ்தா தெரியாது பிள்ளை, நான் இத்தாலியிலை படிச்சது புட்டு மட்டும்தான் என்றேன்.